தியாகவல்லி வெட்டிவேர்: நாலு மணி நேரம் வடித்தும் 0.2% தான் வருகிறது, எங்கே தப்பு?

வேர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரியில் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் கடலூர் ஓ.டி. (பழைய டவுன்) தாண்டி தியாகவல்லி பக்கம், தினமும் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். கடலோர மணலில் விளையும் வெட்டிவேரில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது, அதில் என்னென்ன கூறுகள், பாக்டீரியாவை அது தடுக்கிறதா என்பதுதான் ப்ராஜெக்ட். எங்கள் ஆயா கொல்லையில் விளைந்த வேர் என்பதால் செலவில்லை என்று ஆசைப்பட்டு எடுத்தேன், இப்போது மாட்டிக்கொண்டேன்.

செய்தது இதுதான். வேரைக் கொண்டு வந்து மணல் போகத் தேய்த்துக் கழுவி, ஒரு ராத்திரி வடியவிட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, 200 கிராம் எடுத்து இரண்டு லிட்டர் குடுவையில் தண்ணீரோடு போட்டு கிளெவஞ்சர் கருவியில் (வாசனை எண்ணெயை நீராவியோடு வடித்து அளக்கும் கண்ணாடிக் கருவி) நாலு மணி நேரம் வடித்தேன். கிடைத்தது 0.4 மில்லி, அதாவது 0.2%. மறுபடி செய்தேன், கொஞ்சம் குறைவாகவே வந்தது. கட்டுரைகளில் எல்லாம் 1% வரை என்று போட்டிருக்கிறார்கள். என் தோழி அதே கருவியில் திருநீற்றுப்பச்சிலை போட்டாள், மூன்று மணி நேரத்தில் எண்ணெய் பளிச்சென்று மேலே மிதந்தது. எனக்கு அந்த அளவுக் குழாயில் எண்ணெய் ஒரு இடத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது. சில துளி மேலே, சில துளி அடியில் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு துளி நடுத்தண்ணீரில் அப்படியே தொங்குகிறது. அதை எப்படி அளப்பது என்றே தெரியவில்லை, கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகத்தான் 0.4 என்று எழுதினேன்.

கைடு பார்த்துவிட்டு, உப்புக்காற்று மண்ணில் விளைந்த வேரில் சத்து இருக்காது, வடக்கே இருந்து வேர் வரவழைத்துச் செய் என்கிறார். ஆயாவிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார். உண்மையிலேயே எங்கள் வேர்தான் மட்டமா, இல்லை நான் செய்வதில் தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்ணாடிக்குடுவை எழுதியது:

தங்கச்சி, வடக்கே வேருக்கு ஆர்டர் போட்டுவிடாதே, கொஞ்சம் பொறு. நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவன்தான்.

முதல் விஷயம் நேரம். நாலு மணி நேரம் என்பது இலைகளுக்கு வந்த பழக்கம். துளசி, திருநீற்றுப்பச்சிலை, எலுமிச்சைப்புல் இவற்றில் உள்ள மூலக்கூறுகள் பெரும்பாலும் சின்னவை, சீக்கிரம் ஆவியாகி வந்துவிடும். வெட்டிவேரில் இருப்பது அநேகமாக முழுக்க செஸ்குவிடெர்பீன்கள், அதிலும் ஆல்கஹாலும் கீட்டோனும்தான் அதிகம், குசிமால், ஆல்ஃபா-வெட்டிவோன், பீட்டா-வெட்டிவோன் மாதிரி. பதினைந்து கார்பன், அதன் மேல் ஆக்சிஜன் வேறு. இவை நீராவியோடு கிளம்பி வருவதற்குள் விடிந்துவிடும். அதோடு துளசி மாதிரி இலையில் எண்ணெய் மேல்தோலில் இருக்கிற சுரப்பி முடிகளிலேயே இருக்கிறது, சூடு பட்டதும் உடைந்து வந்துவிடும். வேரில் அது மேல்தோலுக்கு உள்ளே, பட்டைப் பகுதியில் இருக்கிற செல்களில் இருக்கிறது, நீராவி உள்ளே போய்த்தான் வெளியே கொண்டு வர வேண்டும். நாலு மணி நேரத்தில் நிறுத்தினால் முன்னால் வரும் லேசான பகுதி மட்டும்தான் கையில் கிடைக்கும். நான் செய்தபோது பதினாறு மணி நேரத்துக்குக் குறைத்து நிறுத்தியதே இல்லை.

இரண்டாவது, ஈரம். ஒரு ராத்திரி வடியவிட்ட வேர் காய்ந்த வேர் ஆகாது. அதில் 40% ஈரம் என்று வைத்துக்கொண்டால்கூட உன் 200 கிராமில் உண்மையான வேர் 120 கிராம்தான், அப்போது அதே 0.4 மில்லி 0.33% ஆகிவிடுகிறது. கட்டுரைகளில் பாதிப் பேர் உலர் எடைக்குக் கணக்குச் சொல்கிறார்கள், மீதிப் பேர் எதற்குச் சொல்கிறார்கள் என்றே எழுதுவதில்லை (இதற்கு எந்தப் பத்திரிகை ஆசிரியரும் தடை சொல்லாமல் விடுவதுதான் எனக்கு ஆச்சரியம்). வேரை நிழலில் நன்றாகக் காயவைத்து, அதில் ஐந்து கிராம் எடுத்து லேப் ஓவனில் வைத்து ஈரத்தைத் தனியாகப் பார்த்துவிடு. வடிப்பதற்கு முந்தின ராத்திரி காய்ந்த வேரைத் தண்ணீரில் ஊறப்போடு, அந்த ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதையே குடுவையில் ஊற்று.

அப்புறம் அந்தத் தொங்கும் துளி. நீ எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான், ஏனென்றால் எண்ணெய் சரியாகத்தான் வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம். வெட்டிவேர் எண்ணெயின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்தியேதான், எனவே லேசான பகுதி மேலே போகும், கனமானது அடிக்குப் போகும், இரண்டுங்கெட்டான் நடுவில் நிற்கும். கிளெவஞ்சர் குழாயில் அடியில் போன துளி திரும்பவும் குடுவைக்குள் போய்விடும், நீ அதை அளக்கவே இல்லை. இதற்கு வழி, ஆரம்பத்திலேயே குழாயில் அளந்து ஒரு மில்லி சைலீன் விட்டுவிடுவது. எண்ணெய் வர வர அதில் கரைந்து மேலேயே நிற்கும், கடைசியில் மொத்த அளவிலிருந்து ஒரு மில்லியைக் கழித்துக்கொள். ஹெக்ஸேன் ஊற்றாதே, 69 டிகிரியிலேயே கொதிப்பது, வடிக்கும் சூட்டில் பறந்துவிடும். சைலீன் ஜிசி-எம்எஸ்ஸில் (எண்ணெயின் கூறுகளைப் பிரித்து அடையாளம் காட்டும் கருவி) கெடுக்காதா என்று கேட்பாய். அது முன்னாலேயே வெளியே வந்துவிடும், உன் வெட்டிவோன்கள் வெகு நேரம் கழித்துத்தான் வரும், ஒன்றோடொன்று இடிக்காது. ஆனால் பாக்டீரியா சோதனைக்கு சைலீன் கலந்த எண்ணெய் ஆகாது. அதற்கு ஒரு தடவை சைலீன் இல்லாமல் வடித்து, வடிந்த தண்ணீரை ஈதர் விட்டுப் பிரித்து, நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்தி எடு.

இதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு வேர் மட்டமா இல்லையா என்று பேசு.

நொச்சிக்காட்டான் எழுதியது:

அம்மாடி, நீ நம்ம ஊர்ப் பிள்ளை என்பதால் எழுதுகிறேன், எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. நொச்சிக்காட்டில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வெட்டிவேர், அப்பா காலத்திலிருந்து.

நீ எத்தனை மாசத்து வேரை எடுத்தாய் என்று சொல்லவே இல்லையே. நடவு போட்டு ஏழெட்டு மாசத்தில் அவசரத்துக்குத் தோண்டினால் வேர் வெளுத்து, நூல் மாதிரி மெல்லிசாக இருக்கும், மோந்தால் பச்சைப் புல் வாசனைதான் வரும். ஒரு வருஷம் தாண்டி, ஒன்றரை வருஷம் வரை விட்டால்தான் வேர் தடித்துக் கெட்டியாகும். இரண்டு விரலால் தேய்த்தால் பிசுக்கு ஒட்டும். நாங்கள் கையில் பார்ப்பது அதைத்தான். மாலை கட்டுகிறவர்களுக்கும் தட்டி பின்னுகிறவர்களுக்கும் நீளமான மெல்லிய வேர் போதும், எண்ணெய்க்காரனுக்கு அது உதவாது. ஒரே கொல்லை வேர்தான், ஆள் பார்த்துத் தோண்டும் மாசம் மாறும்.

அடுத்தது, தேய்த்துக் கழுவினேன் என்று எழுதியிருக்கிறாய், அதைப் படித்ததும் எனக்குத் திக் என்றது. கல்லில் அடித்தோ கையால் பிசைந்தோ கழுவினால் வேரின் தோல் உரிந்து தண்ணீரோடு போய்விடும், உள்ளே இருக்கிற வெள்ளை நரம்பு மட்டும் நிற்கும். வாசனை அந்தத் தோல் பக்கம்தான். நம்ம மணலுக்கு அவ்வளவு தேய்ப்பே வேண்டாம், காய்ந்த பிறகு கட்டாகப் பிடித்து உதறினாலே பாதி போய்விடும், மீதிக்கு ஓடுகிற தண்ணீரில் ஒரு முக்கு. களிமண் ஊரில் வேர் தோண்டுகிறவர்கள் படுகிற பாட்டைப் பார்த்தால் தெரியும், அங்கே மண்வெட்டியில் பாதி வேர் மண்ணோடு அறுந்து போகும். இங்கே முழு நீளத்துக்கு வரும்.

உப்புக்காற்று மண்ணில் சத்து இல்லை என்று சொன்னவரை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வா. 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் பக்கம் முந்திரியும் சவுக்கும் மொத்தமாகப் படுத்தது, பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் இந்தப் புல் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால் ஒரு காரணம் இருக்கிறது. சில வருஷத்துக்கு முன் ஒரு கம்பெனி வந்தது, பேர் வேண்டாம், எண்ணெய்க்கு மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம், இத்தனை ரூபாய் என்று பேசி முன்பணமும் கொடுத்தார்கள். தோண்டுகிற சமயத்தில் ஒரு காகிதத்தைக் காட்டி, உங்கள் வேரில் எண்ணெய் கால் சதவீதம்கூட இல்லை என்று சொல்லி விலையைப் பாதியாக்கிவிட்டார்கள். தோண்டின வேரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், கொடுத்துவிட்டேன். எத்தனை மணி நேரம் வடித்தீர்கள், காய்ந்த வேரா ஈர வேரா என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்று இந்தத் திரியில் உன் 0.2-ஐயும் அந்த அண்ணன் கணக்கையும் படித்ததும் எனக்கு அந்தக் காகிதம்தான் ஞாபகம் வந்தது.

வேர்க்காரி எழுதியது:

அண்ணா, சித்தப்பா (நொச்சிக்காட்டான் எனக்கு எப்படியும் ஏதோ ஒரு முறையில் சித்தப்பாவாகத்தான் இருப்பார்), ரொம்ப நன்றி. ஆயாவிடம் கேட்டேன், நான் கொண்டு போனது ஒன்பது மாசத்து வேராம், மாலைக்காகத் தோண்டினதில் மிச்சம். தோலும் உரித்துவிட்டிருக்கிறேன், ஈரம் பார்க்கவில்லை, நேரமும் போதாது, சைலீனும் விடவில்லை. தப்பு செய்ய வாய்ப்பிருந்த ஒன்றையும் நான் விட்டுவைக்கவில்லை. லேப் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள், பதினாறு மணி நேரம் எப்படி ஓட்டுவது? நடுவில் நிறுத்தினால் கெட்டுவிடுமா? வடக்கு வேர், தெற்கு வேர் வித்தியாசம் என்பது நிஜமா என்றும் யாராவது சொல்லுங்கள், கைடிடம் பேச வேண்டும்.

கொதிகலன் எழுதியது:

புதுச்சேரிக்கு மேற்கே சின்னதாக ஒரு வடி ஆலை வைத்திருக்கிறேன், எலுமிச்சைப்புல்தான் முக்கியம், வருஷத்தில் இரண்டு மாசம் வெட்டிவேர். அதனால் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நிறுத்தி மறுநாள் ஓட்டலாம்மா, ஒன்றும் ஆகாது. அடுப்பை அணைத்துவிட்டுக் குடுவையை அப்படியே மூடி வை, அந்தத் தண்ணீரை மட்டும் மாற்றாதே. எத்தனை மணிக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் குறித்துக்கொள், அந்தக் கோடு எப்போது படுக்கிறதோ அதுதான் உன் நேரம், மற்றவன் சொன்ன பதினாறும் இல்லை, நான் சொல்லப்போகிற இருபத்துநாலும் இல்லை. நான் நீராவி விட்டு வடிப்பேன், ஒரு லோடுக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் வருகிற எண்ணெய் ரொம்பக் கொஞ்சம், ஆனால் அதுதான் தேன் மாதிரி கெட்டியாக, கனமாக இருக்கும், மணம் நிற்பதும் அதில்தான். விறகுச் செலவைப் பார்த்து எட்டு மணி நேரத்தில் இறக்கிவிடுகிற ஆட்கள் உண்டு, அவர்கள் எண்ணெயை மோந்தாலே தெரியும், பச்சை வாடை மூக்கில் ஏறும், சட்டையில் போட்டால் சாயங்காலத்துக்குள் காணாமல் போய்விடும்.

புத்தகத்தில் இல்லாத ஒரு சின்ன விஷயம். கண்டென்சரில் ஐஸ் மாதிரி குளிர்ந்த தண்ணீர் விடாதே. இந்த எண்ணெய் குளிர்ந்தால் கோந்து ஆகிக் கண்ணாடிச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், கீழே இறங்காது. தண்ணீரை மெதுவாக விட்டு, வடிந்து வருவது கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்படி வை. இன்னொரு லாபமும் உண்டு, சூட்டில் எண்ணெய் தண்ணீரைவிட அதிகமாக விரிந்து கொஞ்சம் லேசாகும், அதனால் அந்தத் தொங்குகிற துளி மேலே வந்துவிடும். கடைசியில் இரண்டு நிமிஷம் தண்ணீரை நிறுத்திக் கண்டென்சரைச் சூடேறவிட்டால் சுவரில் ஒட்டியதும் வழிந்து வரும், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள், ஆவி மேலே போய்விடக் கூடாது.

வடக்கு, தெற்கு சங்கதி நிஜம்தான், ஆனால் உன் கைடு சொல்கிற அர்த்தத்தில் இல்லை. ராஜஸ்தான் பரத்பூர் பக்கம் தானாக வளர்வது பூத்து விதை பிடிக்கிற ஜாதி. அதை கன்னோஜில் செம்புக் கொப்பரையில் வடித்து ரூ குஸ் என்று விற்பார்கள், செம்பு பட்டு லேசாகப் பச்சை நிறமே வந்துவிடும். நம்முடையது விதை பிடிக்காத ஜாதி, தூரைப் பிரித்துத்தான் நடுகிறோம். இரண்டு எண்ணெயும் ஒளியைத் திருப்புவதிலேயே எதிர் எதிர், வடக்கு எண்ணெய் இடப்பக்கம், நம்முடையது வலப்பக்கம். உங்கள் துறையில் போலாரிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. அங்கே இருந்து வேர் வாங்கிச் செய்தால் அது வேறு சரக்கு, அதை வைத்து நம்ம மணலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஹெய்ட்டி, ஜாவா, ரீயூனியன் என்று வெளிநாட்டில் வாசனைத் திரவியத்துக்குப் பேர்போனதெல்லாம் நம்ம விதை பிடிக்காத பக்கத்துச் சொந்தம்தான். பிரெஞ்சுக்காரன் 'வெத்திவேர்' என்று சொல்கிற வார்த்தையே நம்மிடமிருந்து போனது, அப்புறம் என்ன மட்டம்.

பன்னீர்ப்பூ எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி, தப்பாக நினைக்க வேண்டாம். வெட்டிவேரில் இவ்வளவு தொல்லை என்றால் நொச்சி, கற்பூரவள்ளி, கோரைக்கிழங்கு என்று நம்ம வேலியோரத்திலேயே எத்தனை இருக்கிறது, அதில் ஒன்றுக்கு மாறிவிடலாமே? கடற்கரையில் புன்னையும் நிறைய இருக்கிறது, புன்னை எண்ணெய் பற்றிக்கூட நிறைய எழுதுகிறார்கள்.

கண்ணாடிக்குடுவை எழுதியது:

பன்னீர்ப்பூ, புன்னை எண்ணெய் இந்தக் கணக்கில் வராது. அது கொட்டையை ஆட்டி எடுப்பது, நல்லெண்ணெய் மாதிரி கொழுப்பு எண்ணெய், வடித்தால் வராது. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கறை நின்றால் கொழுப்பு, போய்விட்டால் வாசனை எண்ணெய் (வெட்டிவேர் மட்டும் இந்தச் சோதனையில் ரொம்ப நேரம் உட்கார்ந்து உங்களைக் குழப்பும்). கற்பூரவள்ளி நல்ல செடிதான், கார்வக்ராலும் தைமாலும் இருப்பதால் பாக்டீரியா சோதனையில் பாக்டீரியா வளராத அழகான வட்டம் எப்போதும் காட்டும், அதனாலேயே அதில் ஆயிரம் பேர் செய்து முடித்துவிட்டார்கள். கோரைக்கிழங்கும் செஸ்குவிடெர்பீன் சரக்கு, இதே தொங்கல் அங்கேயும் இருக்கும். வசம்பு எடுக்கிறவர்கள் மட்டும் பீட்டா-அசரோனைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதனால்தான் அமெரிக்காவில் 1968-லேயே உணவில் சேர்க்கக் கூடாது என்று நிறுத்தினார்கள்.

தங்கச்சி மாற வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். சொந்தக் கொல்லை, நட்ட மாசம் தெரியும், தோண்டிய நாள் தெரியும். சந்தையில் வாங்கி ஆய்வு செய்கிறவனுக்கு இது ஒன்றும் கிடைக்காது. ஒரு தூரை வேரும் இலையுமாக எடுத்து அழுத்திக் காயவைத்து ஹெர்பேரியத்தில் அடையாளம் பார்த்துவிடு. செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு நிறுவனம் 1955-லிருந்து இருக்கிறது, அங்கே ஹெர்பேரியம் உண்டு, துறை மூலமாகக் கேள். வெட்டிவேருக்கு எதற்கு அடையாளம் என்று நினைக்காதே. நாட்டு மருந்துக் கடையில் விலாமிச்சை வேர் என்று கேட்டால் வெட்டிவேரைக் கட்டிக் கொடுக்கிறவர்கள் உண்டு, விலாமிச்சை துளசிக் குடும்பம், இது புல். எத்தனை பேருடைய 'வெட்டிவேர்' உண்மையில் எது என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஜிசி-எம்எஸ் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கேதான் அடுத்த பள்ளம். காசு கட்டினால் ஒரு நீளமான அட்டவணை கொடுப்பார்கள், வரைபடத்தின் ஒவ்வொரு உச்சிக்கும் (peak) ஒரு பெயர், பக்கத்தில் 92% பொருத்தம் என்று. அதை அப்படியே ப்ராஜெக்டில் ஒட்டாதே. இந்த எண்ணெயில் நூற்றுக்கு மேல் கூறுகள், அதில் ஹைட்ரோகார்பன்கள் பெரும்பாலானவற்றுக்கு மூலக்கூறு நிறை 204, நிறமாலையும் அண்ணன் தம்பி மாதிரி ஒன்று போலவே இருக்கும். மென்பொருள் ஏதோ ஒரு பெயரைப் போடும். வெட்டிவேர் எண்ணெயில் கடல்வாழ் உயிரியின் சேர்மம் இருப்பதாக எல்லாம் அட்டவணை வந்து நான் பார்த்திருக்கிறேன். உன் மாதிரியை ஓட்டுகிற அதே நாளில், அதே நிரலில் (column) ஆல்கேன் கலவையையும் ஓட்டித் தரச் சொல். அதை வைத்து ஒவ்வொரு உச்சிக்கும் ரிடென்ஷன் இண்டெக்ஸ் (வெளியே வரும் நேரத்தை ஆல்கேன்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) கணக்குப் போட்டு, பதிப்பித்த எண்ணோடு ஒத்துப்போனால்தான் பெயர் எழுது. ஒத்துப்போகாததற்கு 'அடையாளம் காணப்படாதது, நிறை 220' என்று எழுது, அதில் ஒன்றும் வெட்கமில்லை.

பாக்டீரியா சோதனையில் வட்டத்தின் விட்டத்தை அளக்கிற முறை இந்த எண்ணெய்க்குச் சரிப்படாது. கெட்டி எண்ணெய், தண்ணீரில் கரையாது, அகாரில் பரவாமல் காகித வில்லையிலேயே உட்கார்ந்துகொள்ளும். வட்டம் சின்னதாக வரும், எண்ணெய் வேலை செய்யவில்லை என்று எழுதிவிடுவாய். திரவத்தில் நீர்த்துப் பார்க்கிற முறையில் குறைந்தபட்சத் தடுப்பு அளவைப் பார், எண்ணெயைக் கலக்க ட்வீன் 80 போட்டால் ட்வீன் மட்டும் போட்ட குழி ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கைடிடம் மண்ணைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இதைச் சொல். 2008-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெட்டிவேர் வேருக்குள்ளேயே வாழும் பாக்டீரியாக்களை எடுத்துப் பார்த்தார்கள். நுண்ணுயிர் இல்லாமல் திசு வளர்ப்பில் வளர்த்த செடியில் எண்ணெய் பேருக்குத்தான் வந்தது, பாக்டீரியா சேர்ந்தால் எண்ணெயின் அளவும் கூறும் மாறுகிறது. அப்படியானால் கடலோர மணல், உப்புக்காற்று, அதில் இருக்கிற நுண்ணுயிர் எல்லாம் எண்ணெயை எப்படி மாற்றுகிறது என்பதே ஒரு கேள்வி. முதல் பத்தியில் அதை எழுது, வேறு வேருக்குப் போகச் சொல்ல மாட்டார். மாதிரியை வெளிநாட்டு லேபுக்கு அனுப்பலாமா என்று யாராவது ஆசை காட்டினால் மட்டும் துறையில் கேட்காமல் செய்யாதே. 2002 உயிரியல் பன்மைச் சட்டம் இருக்கிறது, அதன்படி அமைத்த தேசிய ஆணையத்தின் தலைமையகம் நம்ம சென்னையிலேயேதான் இருக்கிறது.

வேர்க்காரி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், இடையில் இன்டர்னல் தேர்வு.

ஆயா கொல்லையிலேயே பதினைந்து மாசத்துத் தூர் நாலு கிடந்தது, அதைக் கேட்டு வாங்கினேன். நிழலில் எட்டு நாள் காய்ந்தது, உதறிவிட்டு ஒரே முக்கு, தேய்க்கவில்லை. ஈரம் 11%. 100 கிராம் எடுத்து ராத்திரி ஊறப்போட்டு, சைலீன் ஒரு மில்லி விட்டு, இரண்டு நாளாகப் பிரித்து ஓட்டினேன். நாலு மணி நேரத்தில் 0.2 மில்லி, அதாவது பழைய கதையேதான், அந்த இடத்தில் எனக்கு உள்ளுக்குள் பயமே வந்துவிட்டது. எட்டில் 0.45, பன்னிரண்டில் 0.6, பதினாறில் 0.7. அதற்கு மேல் இரண்டு மணி நேரம் ஓட்டியும் அசையவில்லை, நிறுத்திவிட்டேன். உலர் எடைக்குக் கணக்குப் போட்டால் 0.79% வருகிறது. கண்டென்சர் தண்ணீரைக் குறைத்து வைத்ததில் குழாய்ச் சுவரில் முன்பு இருந்த அந்த மஞ்சள் கோடும் இல்லை.

கைடிடம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குறித்த வரைபடத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அந்த ஒன்பது மாசத்து வேரையும் இதே மாதிரி பதினாறு மணி நேரம் ஓட்டு, அப்போதுதான் வயதால் வந்ததா நேரத்தால் வந்ததா என்று தெரியும் என்றார். நியாயம்தான், அது எனக்குத் தோன்றவில்லை. வடக்கு வேர் பேச்சையே எடுக்கவில்லை. ஜிசி-எம்எஸ் ஆல்கேனோடு சேர்த்துத் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், வரிசையில் நிற்கிறது.

நொச்சிக்காட்டுச் சித்தப்பாவுக்கு: அந்த வரைபடத்தை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, எத்தனை மாசம், எத்தனை மணி நேரம், ஈரம் எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று போட்டுத் தருகிறேன். அடுத்த தடவை யாராவது காகிதத்தோடு வந்தால் நீங்களும் ஒரு காகிதத்தை நீட்டுங்கள்.

சைலீன் இல்லாமல் வடித்த சின்னச் சீசாவை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போய் ஆயாவிடம் காட்டினேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "எவ்ளோ வேருடி போட்ட?" என்றார். நூறு கிராம் என்றேன். சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இத்தனூண்டுக்கா? பேசாம மாலைக்குக் குடுத்திருக்கலாம்" என்றார். திங்கட்கிழமை ஒன்பது மாசத்து வேரைப் போடுகிறேன்.